காசு போட்டால் பாடிய பெட்டிகள்

எண்பதுகளில் சுவிஸ் நாட்டுக்கு வந்து சேர்ந்த எங்கட ஆட்களிடம் "முதல் பார்த்த வேலை என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகம் பேர் "கோப்பை கழுவினது" என்றுதான் சொல்லுவினம். ஊரிலே வாத்தியாராய் இருந்தவரும் கழுவினார், கிளாக்கராய் இருந்தவரும் கழுவினார், தோட்டம் செய்தவரும் கழுவினார். நானும் கழுவினேன். ஆகையால் இந்த நாட்டுச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எங்கள் தலைமுறைக்குத் தெரிந்ததெல்லாம் பின்கதவு வழியாகத் தெரிந்ததுதான். முன்மண்டபத்தில் யார் இருந்து சாப்பிட்டார்கள், அங்கே என்ன இசை ஒலித்தது என்பதெல்லாம் பரிமாறுகிறவர் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிற அந்த ஒரு நிமிடத்துக்குள் காதில் விழுந்த அளவுதான்.

அந்த முன்மண்டபங்களில் நூறு வருடங்களுக்கு முன்னர் என்ன ஒலித்தது என்பதைப் பற்றித்தான் இம்முறை மலரில் எழுத விரும்புகிறேன். அன்பான வாசகர்களே, வானொலி வருமுன், ஒலிபெருக்கி வருமுன், இங்கத்தைய உணவுச்சாலைகளில் பாடியவை பெட்டிகள். காசு போட்டால் பாடும், காசு முடிந்தால் நிற்கும்.

முதலில் காசையே பார்ப்போம். உங்கள் பேர்ஸில் இருக்கும் 10 றாப்பன் குற்றியை எடுத்துப் பாருங்கள். அதன் வடிவம் 1879ஆம் ஆண்டிலிருந்து மாறவில்லை. அந்த ஆண்டில் அடித்த குற்றி யாருடைய கையிலாவது இருந்தால் இன்றைக்கும் கடையில் கொடுத்துப் பாண் வாங்கலாம். ஆகவே 1900ஆம் ஆண்டளவில் ஒரு உணவுச்சாலையில் பாட்டுக் கேட்பதற்காகப் போட்ட காசும் நாங்கள் இன்று மாற்றிக் கொடுக்கும் சில்லறையும் ஒரே காசுதான். எங்கட நாட்டில் எத்தனை முறை காசின் முகம் மாறியது என்று எண்ணிப் பார்த்தால் இது சின்ன விடயமல்ல.

இந்தப் பெட்டிகளின் கதை மணிக்கூட்டுக்காரரிடம் தொடங்குகிறது. 1796ஆம் ஆண்டில் ஜெனீவாவைச் சேர்ந்த அன்ரோன் பவ்ர் என்ற மணிக்கூட்டுத் தொழிலாளி, மணியும் சுத்தியலும் இல்லாமல் இசை எழுப்பும் ஒரு கருவியை அங்குள்ள கலைச் சங்கத்துக்குக் காட்டினார். அவர் செய்தது இவ்வளவுதான்: சுருதி சேர்த்த மெல்லிய உருக்குத் தகடுகளைச் சின்னஞ்சிறு ஊசிகள் தட்டிவிடும்படி வைத்தார். பிற்காலத்தில் அந்தத் தகடுகள் ஒன்றாய்ச் சேர்ந்து சீப்புப் போலாயின. ஒவ்வொரு பல்லும் ஒரு சுரம். ஒரு பித்தளை உருளையில் ஆயிரக்கணக்கான ஊசிகளைப் பதித்து, கம்பிச்சுருளை முறுக்கிவிட்டால், உருளை சுழலும். ஊசி பல்லை நிமிர்த்தி விடும். பல் அதிர்ந்து பாடும். உருளையை ஒரு மயிரிழை அளவு பக்கவாட்டில் நகர்த்தினால் வேறு ஊசி வரிசை பல்லில் படும், அடுத்த பாட்டு வரும். ஒரே உருளையில் ஆறு பாட்டு, எட்டுப் பாட்டு என்று அடக்கினார்கள்.

1811 தொடக்கம் இந்தத் தொழில் வோ மாநிலத்து யூரா மலையிலுள்ள சென் குறுவா என்ற ஊரில் வேர் பிடித்தது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். மாரியில் பனி மூடினால் வயல் வேலை கிடையாது. வீட்டுக்குள்ளே இருந்துகொண்டு உருளைக்கு ஊசி குத்தினார்கள். அந்த ஊசி குத்தும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. ஒரு ஊசி வளைந்தாலும் பாட்டில் ஒரு சுரம் பிழைக்கும். விளக்கு வெளிச்சத்தில் கண்ணைக் கொடுத்துச் செய்த வேலை அது. அந்தப் பெட்டிகள் சீமான்கள் வீட்டு வரவேற்பறைக்குப் போயின. குத்தின பெண்களில் எத்தனை பேர் அந்த இசையை ஆறுதலாய் இருந்து கேட்டிருப்பார்களோ! எங்கட ஊர்ச் சுருட்டுக் கொட்டிலில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர்கள் சுருட்டுச் சுற்றின காட்சி எனக்கு ஞாபகம் வருகிறது. வேலை செய்கிறவனின் காதுக்கும் ஏதாவது வேண்டும்தானே.

இந்தச் சின்ன மலையூர்த் தொழிலுக்காக ஒரு சர்வதேசச் சட்டமே வளைந்து கொடுத்தது என்றால் நம்புவீர்களா? எங்களில் பலருக்குப் பேர்ண் நகரம் என்றால் அகதி விண்ணப்பமும் விசாரணையும்தான் நினைவுக்கு வரும். அதே பேர்ண் நகரத்தில் 1886ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் எழுத்தாளர்கள், இசையமைப்பாளர்களின் உரிமையைக் காக்கும் உடன்படிக்கை கைச்சாத்தானது. ஒருவருடைய பாட்டை மற்றவர் எடுத்து விற்கப்படாது என்பதுதான் அதன் சாரம். ஆனால் இசைப்பெட்டி செய்கிற சுவிஸ்காரரின் பிழைப்புக் கெடக்கூடாது என்பதற்காக, இயந்திரத்தில் பாட்டை அமைத்து விற்பது களவாகாது என்று கடைசியில் ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. 1908ஆம் ஆண்டு பேர்ளினில் அந்த உடன்படிக்கையைத் திருத்தும்வரை அந்தச் சலுகை இருந்தது. இருபத்திரண்டு வருடங்கள், பாட்டை ஆக்கியவனுக்கு ஒரு சதமும் கொடுக்காமல் பெட்டிகள் பாடின. நாங்கள் ஒரு கசெற்றை வாங்கி ஒன்பது பேருக்குப் பதிந்து கொடுத்த காலத்தை நினைத்துச் சிரிக்காதேயுங்கோ!

உணவுச்சாலைகளுக்குள் இந்தப் பெட்டிகள் பெருமளவில் நுழைந்தது ஜேர்மனியில் லைப்சிக் நகரத்துக்காரர் புதுவழி கண்ட பிறகுதான். உருளை செய்வது செலவு. பாட்டு மாற்ற வேண்டுமென்றால் பெட்டியையே மாற்ற வேண்டும். 1880களின் நடுவில் பவுல் லொக்மன் என்பவர் உருளைக்குப் பதிலாகத் துளையிட்ட உலோகத் தட்டைப் பாவிக்கும் 'சிம்பொனியன்' பெட்டியைக் கொண்டு வந்தார். சில வருடங்களில் 'பொலிபோன்' என்ற போட்டிக் கம்பனி வந்தது. தட்டை அச்சில் வைத்து அடிக்கலாம், விலை மலிவு, நாளைக்கு வேறு தட்டைப் போடலாம். ஆளுயரத்துக்கு அலுமாரி மாதிரிச் செய்து, கண்ணாடிக் கதவு பூட்டி, பக்கத்திலே காசு போடும் துவாரமும் வைத்தார்கள். காசு விழுந்த பாரத்தில் ஒரு நெம்பு சரியும். அது பூட்டை விடுவிக்கும். தட்டு ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். அவ்வளவுதான் சூட்சுமம். எங்கட ஊரில் தராசுத்தட்டில் படி வைக்கிற கணக்குத்தான்.

பொலிபோனுக்கு மேலே இன்னொன்று இருந்தது. அதற்குப் பெயர் 'ஓர்கெஸ்திரியோன்'. பெயரிலேயே தெரியும், முழு வாத்தியக் கோஷ்டியும் ஒரு பெட்டிக்குள். பியானோ, குழல்கள், மேளம், தாளம் எல்லாம் உள்ளே. இதில் கைதேர்ந்தவர்கள் இங்கே பாடனிலிருந்து றைன் நதியைக் கடந்தால் வருகிற கறுப்புக் காட்டுப் பகுதிக்காரர். பிறைபேர்க்கில் இருந்த வெல்ற்ர குடும்பம் 1883ஆம் ஆண்டில் ஊசி உருளையை விட்டுவிட்டுத் துளையிட்ட கடதாசிச் சுருளுக்கு உரிமை எடுத்தது. ஆர்மோனியத்தின் துருத்தி உங்களுக்குத் தெரியும். அதே மாதிரித் துருத்தி இதற்குள்ளும் உண்டு. கடதாசியில் துளை வரும் இடத்தில் காற்றுப் போகும், காற்றுப் போன குழாய்க்குரிய சுரம் ஒலிக்கும். 1904ல் அதே கம்பனி, பியானோ வித்துவான் ஒருவர் விரலால் எப்படி அழுத்தினாரோ அந்த மென்மை, வன்மை உட்படக் கடதாசியிலே பிடித்து வைக்கும் பியானோவையும் வெளியிட்டது. லைப்சிக்கில் ஹுப்பெல்ட் கம்பனி இன்னும் ஒரு படி மேலே போய், மூன்று வயலின்களை நிமிர்த்தி வைத்து வட்டமான வில் ஒன்றைச் சுழலவிட்டு வாசிக்கும் இயந்திரத்தைச் செய்தது. மனிசக் கை படாமல் வயலின் அழுதது!

தெற்காசியாவிலும் இப்படியான ஒன்று இருந்தது என்பதை இடையில் சொல்லவேண்டும். மைசூரில் திப்பு சுல்தானிடம் ஒரு மரப்புலி இருந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன்மேல் பாய்ந்து கிடக்கும். கைபிடியைச் சுழற்றினால் புலி உறுமும், சிப்பாய் முனகுவான், புலியின் வயிற்றுக்குள்ளே ஒரு சின்னக் குழல்வாத்தியம். 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது ஆங்கிலேயர் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இப்போது லண்டன் விக்ரோறியா அல்பேர்ட் நூதனசாலையில் இருக்கிறது.

பாடனுக்கு வருவோம். இந்த ஊர் சாப்பிடவும் குளிக்கவும் வந்தவர்களால் வளர்ந்த ஊர். நிலத்துக்குள்ளிருந்து 47 பாகை வெப்பத்தில் ஊறுகிற நீருக்காக உரோமர் காலத்திலேயே ஆட்கள் வந்திருக்கிறார்கள். 1847ஆம் ஆண்டு ஆவணி மாதம் சூரிச்சிலிருந்து பாடனுக்கு ஓடியதுதான் முழுக்க முழுக்கச் சுவிஸ் மண்ணுக்குள் ஓடிய முதல் புகையிரதம். அதற்கு மக்கள் வைத்த பெயரே ஒரு பலகாரத்தின் பெயர். 'ஸ்பனிஷ் பிறோட்லி' என்ற பாடன் ஊர்ப் பலகாரத்தைச் சூரிச் பணக்காரர் காலைச் சாப்பாட்டுக்குச் சுடச்சுட எடுப்பித்தார்கள் என்பதால் 'ஸ்பனிஷ் பிறோட்லி றெயில்' என்றார்கள். 1875ல் குளிக்க வந்த விருந்தாளிகளின் பொழுதுபோக்குக்காகக் 'கூர்சால்' மண்டபம் திறந்தார்கள். 1891ல் பிறவுண் பொவேரி தொழிற்சாலை தொடங்கியது. அதன் பிறகு இந்த ஊரில் வெந்நீரைவிட மின்சாரம்தான் பேச்சு. அந்தத் தொழிற்சாலை 1988ல் சுவீடன் கம்பனியோடு சேர்ந்து ஏ.பி.பி. ஆனது. எங்கட ஆட்கள் சிலர் அங்கேயும் வேலை செய்து ஓய்வு பெற்றிருக்கிறார்கள்.

பாடன் பழைய நகரத்துக்குள்ளே, பழைய சாமான்களால் அலங்கரித்த ஓர் உணவுச்சாலைக்குச் சென்ற மார்கழியில் குடும்பத்தோடு போனேன். பெயர் வேண்டாம், விளம்பரம் ஆகிவிடும். மரத்தாலான ரெலிபோன் கூடு, எனாமல் விளம்பரத் தகடுகள், கறுத்துப்போன நிலைக்கண்ணாடி, மூலையிலே ஆளுயரப் பொலிபோன் ஒன்று. மகள்தான் மேசை பதிந்தவ. நான் றோஸ்டி எடுத்தேன். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னர் அந்தச் சட்டியின் அடியைச் சுரண்டினவனுக்கு அதன் மேல்பக்கம் எவ்வளவு மொறுமொறுப்பு என்று இப்பதான் தெரியும்.

பேத்தியிடம் 10 றாப்பன் கொடுத்தேன். போட்டாள். உள்ளே 'களக்' என்று ஒரு சத்தம், பிறகு விசிறி சுழல்கிற இரைச்சல், பிறகு இசை. வெள்ளிக் கிண்ணத்தில் மழைத்துளி விழுகிற மாதிரி ஒரு சத்தம். பிள்ளை கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, "அம்மப்பா, இதுக்குள்ள ஆர் இருக்கினம்?" என்று கேட்டாள். எங்கட ஊருக்கு முதன்முதல் கிராமபோன் வந்தபோது கிழவிகள் கேட்ட அதே கேள்வி! தட்டிலே இருக்கிற துளைகளைக் காட்டி விளங்கப்படுத்தினேன். அந்த நேரம் சமையலறைக் கதவு திறந்து ஒரு பொடியன் வெளியே வந்தான். எரித்திரியாக்காரன் என்று நினைக்கிறேன். கையிலே கழுவின கிளாசுகள் அடுக்கின தட்டு. கிளாசை வைத்துவிட்டுப் போகவேண்டியவன், தட்டைப் பிடித்தபடியே பாட்டு முடியுமட்டும் நின்றான். ஒருவரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு நின்றது, போனான். நான் இன்னொரு 10 றாப்பன் எடுத்துப் பேத்தியிடம் கொடுத்தேன். கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்கோ என்று பரிமாறுகிற பிள்ளையிடம் கேட்டேன். அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்தாலும் திறந்துவிட்டது.

இந்தப் பெட்டிகள் வந்தபோது பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. மண்டபத்தில் வாசித்துப் பிழைத்த வயலின்காரர், பியானோக்காரர்தான் அவர்கள். பெட்டி சம்பளம் கேட்காது, சாப்பாடு கேட்காது, குடித்துவிட்டுப் பிந்தி வராது. முதலாளிக்கு வேறென்ன வேண்டும்? பிறகு பெட்டிகளுக்கே அந்தக் கதி வந்தது. 1889ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மதுச்சாலையில் காசு போட்டால் பேசும் போனோகிராப் வைத்தார்கள். மனிசக் குரலே வரும்போது சீப்புப் பல்லின் ஓசை யாருக்கு வேண்டும்? 1920களில் வானொலி வந்தது. 1931ல் பெறோமுன்ஸ்ரர் ஒலிபரப்புக் கோபுரம் இயங்கத் தொடங்கியதும் சுவிஸ் உணவுச்சாலைகளில் ஓர்கெஸ்திரியோன் இருந்த மூலைக்கு வானொலிப் பெட்டி வந்தது. சென் குறுவாக்காரர் சாமர்த்தியசாலிகள். தொறென்ஸ், பையார் போன்ற கம்பனிகள் கிராமபோன் செய்யத் தொடங்கின. பையார் பிறகு தட்டச்சுப் பொறியும் 'போலெக்ஸ்' படப்பிடிப்புக் கருவியும் செய்தது. 1865ல் தொடங்கிய றூஜ் என்ற பெயர்தான் இசைப்பெட்டியோடு நிலைத்து நின்றது.

இதை எழுதும்போது எங்கட கோயில்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மோட்டார் பூட்டிய மேளமும் மணியும் சேர்ந்த பெட்டி ஒன்று இப்போது பல கோயில்களில் இருக்கிறது. ஆளியை அழுத்தினால் பூசை நேரத்தில் 'டாண் டாண்' என்று அடிக்கும். அதுவும் ஓர்கெஸ்திரியோனின் தம்பிதான். ஆனால் தமையனிடம் இருந்த சங்கீதம் தம்பியிடம் இல்லை. கிழமை நாளில் மேளகாரரை எங்கே பிடிப்பது என்று பரிபாலன சபையினர் கேட்பது நியாயம். ஆனால் அளவெட்டியில் தெட்சணாமூர்த்தி தவில் வாசித்ததைக் கேட்டு வளர்ந்த காதுகள் எங்களுக்குள்ளே இன்னும் இருக்கின்றன. அவர் 1975ல் இறந்தார். சங்கத்தின் ஞாயிறு வகுப்புகளில் கணினி படிப்பிக்கிறோம், நல்லது. தவில் படிக்க எத்தனை பிள்ளைகள் இருக்கினம் என்று நான் சென்ற வருடப் பொதுக்கூட்டத்தில் கேட்டேன். பதில் வரவில்லை, தேத்தண்ணி வந்தது.

நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் சொலத்தூண் மாநிலத்தில் இருக்கும் சேவென் என்ற கிராமத்துக்குப் போகவேண்டும். ஹைன்றிச் வைஸ் என்ற தனிமனிதர் சேர்த்து வைத்த இசை இயந்திரங்களைக் கொண்டு 1979ல் அங்கே நூதனசாலை ஒன்றைத் திறந்தார். 1990ல் அதைச் சுவிஸ் அரசுக்கு நன்கொடையாகக் கொடுத்தார். பெருப்பித்துக் கட்டி 2000ஆம் ஆண்டில் மறுபடி திறந்தார்கள். வெறும் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்கிற இடமல்ல. ஆள் நின்று ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் காட்டுவார்கள்.

அங்கே ஒரு பெரிய வெல்ற்ர ஓர்கன் இருக்கிறது. அதற்கு ஒரு கதை உண்டு. டைட்டானிக் கப்பலை எல்லோருக்கும் தெரியும். அதன் தங்கைக் கப்பல் 'பிரிட்டானிக்'. 1914ல் நீரில் இறக்கினார்கள். அதன் மண்டபத்துக்கென்றே செய்த ஓர்கன் இது. அதே வருடம் உலக யுத்தம் வெடித்தது. கப்பல் வைத்தியசாலைக் கப்பலாக மாறியது. 1916 கார்த்திகை 21ஆம் திகதி கிரேக்க நாட்டுக் கடலில் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. முப்பது பேர் இறந்தார்கள். ஓர்கன் கப்பலில் பூட்டப்படாமல் தப்பியது. ஸ்ருட்காட்டில் ஒரு கமராக் கம்பனி முதலாளியின் மாளிகைக்குப் போனது, 1937ல் வேறொரு ஜேர்மன் ஊரில் ஒரு தொழிற்சாலையின் மண்டபத்துக்குப் போனது, 1969ல் வைஸிடம் வந்து சேவெனில் தங்கியது. அது எந்தக் கப்பலுக்காகப் பிறந்தது என்பது எல்லோருக்கும் மறந்தே போய்விட்டது. 2007ஆம் ஆண்டில் திருத்த வேலைக்காகக் கழற்றியபோதுதான், வெளியே தெரியாத மரப் பாகங்களில் 'பிரிட்டானிக்' என்று, அதுவும் எழுத்துப் பிழையோடு, எழுதியிருப்பதைக் கண்டார்கள். தொண்ணூறு வருடமாக ஊர் ஊராய் அலைந்த சாமான் தன்னுடைய ஊர்ப்பெயரை உள்ளுக்குள்ளே வைத்திருந்தது.

எங்கட ஊரில் இசை வந்த வழியையும் இரண்டு சொல் சொல்லவேண்டும். கொழும்பில் முறையான ஒலிபரப்பு 1925 மார்கழியில் தொடங்கியது. அதற்கு முந்திய பரீட்சார்த்த ஒலிபரப்பில், தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையிலிருந்து கிராமபோன் இசைத்தட்டைத்தான் போட்டார்கள். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு அந்த அஞ்சற்கருவியைச் செய்ததாகச் சொல்லுவார்கள். பிறகு இலங்கை வானொலியும் மயில்வாகனனின் குரலும் தேத்தண்ணிக் கடைகளை நிறைத்த காலம். அதற்கும் பிறகு றெக்கோடிங் பார்கள். துண்டிலே பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் கசெற்றில் பதிந்து தருவார்கள்.

1990ல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அகப்பட்டது. அக்கா எழுதின கடிதம் எனக்குக் கிடைக்க மூன்று மாதம் சென்றது. சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்த்துப் போட்டு, டைனமோவில் வயரைப் பூட்டி, பொடியள் மாறி மாறிப் பெடலைச் சுழற்றச் சுழற்ற றேடியோ கேட்கிறோம் என்று எழுதியிருந்தா. கை களைத்தால் செய்தி நின்றுவிடும். பாட்டென்றால் மெள்ளச் சுற்றலாம், பி.பி.சி. தமிழோசை என்றால் கெதியாய்ச் சுற்றவேண்டும் என்று பகிடியும் எழுதியிருந்தா. ஓர்கெஸ்திரியோன் நிற்கிற நாட்டிலிருந்து அதை வாசித்தேன். அந்தச் சைக்கிள்களில் ஒன்று எந்த நூதனசாலையில் இருக்கிறது?

சங்க நூலக அறையில் இருக்கும் அலுமாரியின் கீழ்த்தட்டு வெறுமையாய்க் கிடக்கிறது. உங்களில் யாராவது ஊருக்குப் போய் வரும்போது அந்தக் கால டைனமோ, வயர் பூட்டின றேடியோ, றெக்கோடிங் பாரில் எழுதிக் கொடுத்த பாட்டுத்துண்டு, முதல் வருடம் அகதி முகாமில் வைத்துக் கேட்ட கசெற்றுப் பெட்டி, எதுவென்றாலும் கொண்டு வாருங்கோ. ஓடாவிட்டாலும் பரவாயில்லை. யாருடையது, எந்த ஊர், எந்த வருடம் என்று ஒரு கடதாசியில் எழுதி உள்ளுக்குள்ளே வைத்துத் தாருங்கோ. எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை.